மண்ணீரல் ஃபைப்ரோபிளாஸ்ட் பெருகவே இல்லை, ஒட்டியிருப்பது என்ன செல்?

கேள்வி:
வணக்கம். சுண்டெலி மண்ணீரலிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் (திசுவின் நார்களை உருவாக்கும் செல்) பிரைமரி கல்ச்சர் (திசுவிலிருந்து நேரடியாக எடுத்து வளர்ப்பது) எடுக்கப் பார்க்கிறேன். மண்ணீரலை 70 மைக்ரான் சல்லடையில் வைத்து சிரிஞ்ச் பிளஞ்சரால் தேய்க்கிறேன். கீழே இறங்குவதில் சிவப்பணுக்களை அமோனியம் குளோரைடு பஃபரால் உடைத்துவிட்டு, 10% சீரம் சேர்த்த டிஎம்இஎம் மீடியத்தில் போடுகிறேன். மறுநாள் அலசினால் ஒட்டியிருப்பவை கொஞ்சம்தான். சில உருண்டை; சில தட்டையாக விரிந்து உள்ளே குமிழ் குமிழாக இருக்கின்றன. ட்ரிப்சினுக்கு (ஒட்டிய செல்களைக் கழற்றும் என்சைம்) அசைவதே இல்லை, எண்ணிக்கையும் கூடவில்லை. ஆனால் விமென்டின் (ஃபைப்ரோபிளாஸ்டின் அடையாளமாகப் பார்க்கும் புரதம்) பாசிட்டிவ். சீரத்தை 20% ஆக்கிப் பார்க்கலாமா?

பதில் 1:
சீரத்தில் கை வைக்க வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவை மேக்ரோஃபேஜ் (கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்பு செல்). பிளாஸ்டிக்கைக் கெட்டியாகப் பிடிக்கும், ட்ரிப்சினுக்கு மசியாது. விமென்டின் அவற்றிலும் உண்டு, அதை மட்டும் நம்பாதீர்கள். சுண்டெலி மேக்ரோஃபேஜின் அடையாளப் புரதமான எஃப்4/80-க்கு ஆன்டிபாடி போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஃபைப்ரோபிளாஸ்ட்கள் இருப்பது மண்ணீரலின் மேலுறையிலும், அதிலிருந்து உள்ளே ஓடும் டிராபெகுலா என்ற நார்ப்பட்டைகளிலும், வெள்ளையணுக்கள் நிறைந்த பகுதியான வெண்கூழின் கொலாஜன் இழைகளைச் சுற்றியும். பிளஞ்சரால் தேய்த்தால் கழன்று வருவது பெரும்பாலும் லிம்போசைட் என்ற வெள்ளையணுதான். சல்லடை மேல் வெளுத்த நாராக ஒன்று தங்குமே, நமக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது. அதைப் பொடியாக நறுக்கி, கொலாஜினேஸும் (கொலாஜனைக் கரைக்கும் என்சைம்) டிஎன்ஏஸ் 1-உம் (டிஎன்ஏவை வெட்டும் என்சைம்) சேர்த்து 37 டிகிரியில் வையுங்கள். 10-15 நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லப் பிப்பெட் செய்து, கழன்றதை மட்டும் சீரம் கலந்த குளிர்ந்த மீடியத்துக்கு மாற்றிவிட்டு, மிச்சத்துக்குப் புது என்சைம் ஊற்றுங்கள். முதல் பங்கு பெரும்பாலும் ரத்த செல்கள்தான், ஏமாற வேண்டாம். டிஎன்ஏஸ் இல்லாவிட்டால் செத்த செல்களின் டிஎன்ஏ பிசினாகத் திரண்டு எல்லாவற்றையும் கட்டிப்போடும். இன்னொன்று: என்சைம் பஃபரில் இடிடிஏ கூடாது, அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்; கொலாஜினேஸுக்குக் கால்சியம் வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி! அந்த நாரைத்தான் இதுவரை குப்பையில் போட்டுக்கொண்டிருந்தோம். அதை நறுக்கிப் போட்டதில், துண்டுகளின் ஓரத்திலிருந்து நீள நீளமான கதிர்வடிவ செல்கள் கிளம்பியிருக்கின்றன. நடுவே மேக்ரோஃபேஜும் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

பதில் 2:
பாஸேஜ் (வளர்ந்த செல்களைக் கழற்றிப் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றுவது) செய்யும்போதே பாதி வேலை முடிந்துவிடும். ட்ரிப்சின் ஊற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருங்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் சில நிமிடங்களில் உருண்டு கழலும். அப்போதே எடுத்துப் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றுங்கள். ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்ட வேண்டாம். அப்புறமும் மிஞ்சினால், வெள்ளையணு வகை செல்களின் அடையாளப் புரதமான சிடி45-ஐப் பிடிக்கும் காந்த மணிகளால் நீக்கலாம். சோதனை தொடங்கும் முன் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் முறை) சிடி45, சிடி31 (ரத்தநாள உட்சுவர் செல்களின் அடையாளம்) இரண்டும் நெகட்டிவா, ஃபைப்ரோபிளாஸ்டில் இருக்கும் பிடிஜிஎஃப்ஆர் ஆல்ஃபா அல்லது போடோபிளானின் பாசிட்டிவா என்று பாருங்கள்.

ஆரம்ப பாஸேஜிலேயே உறைய வைத்துவிடுங்கள். சுண்டெலி செல்கள் சாதாரண இன்குபேட்டரின் 20% ஆக்சிஜனில் சீக்கிரம் முதுமையடையும். 3%-இல் வளர்க்க வசதி இருந்தால் நல்லது. வளர்ச்சி நின்றுபோன ஃபிளாஸ்க் பிறகு திடீரென்று வேகமெடுத்தால், அதைப் பிரைமரி என்று எழுதாதீர்கள். தானாகவே அழிவற்றதாக மாறிய செல்களாக இருக்கலாம்.