முதல் அடிக்கு வெடிக்காத நான்கு தோட்டா

தக்கலைக்காரன்:
வேலை ஹூஸ்டனில். அங்கே மச்சானின் கார் ஷெட்டில் 9 எம்.எம். தோட்டா ரீலோடு பண்ண, அதாவது சுட்ட காலிக் கூட்டில் மறுபடி மருந்தும் ரவையும் வைக்க, பழகுகிறேன். போன மாதம் 50 சுட்டதில் 4 முதல் அடிக்கு வெடிக்கவில்லை. அதையே திரும்பப் போட்டு அடித்தால் வெடித்தது. பிரைமரை, அதாவது ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியை, பெரிய பிரஸ்ஸிலேயே ஏற்றுகிறோம். கையில் பிடித்து அழுத்தும் கருவி வாங்கலாமா, இல்லை பிரைமர்தான் மோசமா? லீவில் ஊரில் இருக்கிறேன், மழை வெளியே விடமாட்டேன் என்கிறது.

பழைய ஆர்மரர், குழித்துறை:
தம்பி, இரண்டாவது அடிக்கு வெடித்தால் பிரைமர் நல்ல பிரைமர்தான். கூட்டின் அடியில் இருக்கும் குழிக்குள் முழுசாக இறங்கவில்லை, துப்பாக்கி ஊசியின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துபோயிற்று. கூட்டின் அடிமட்டத்துக்கு உள்ளே 0.003 முதல் 0.005 அங்குலம், ஏறக்குறைய ஒரு தாள் கனம், இறங்கியிருக்க வேண்டும். கூட்டைக் கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்து. ஆடினால் பிரைமர் மேடாக நிற்கிறது. அதைக் கண்டுபிடிப்பது மருந்து போடுவதற்கு முன்னால். ரவை வைத்து முடித்த தோட்டாவில் பிரைமரை மறுபடி அழுத்தவே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறாயா?

லேத் பட்டறை, நாகர்கோவில்:
நான் தோட்டா செய்ததில்லை, ரப்பர் ரோலருக்குப் புஷ், அதாவது குழிக்குள் இறுக்கி ஏற்றும் வளையம், ஏற்றுகிறவன். நீளமான கைப்பிடி இருந்தால் புஷ் உட்கார்ந்ததா, விளிம்பில் இடித்து நின்றதா என்று கைக்குத் தெரியாது. சின்னக் கருவியில் தெரியும். ஆனால் குழியின் வாய் சரியாக இருக்கிறதா, அதை முதலில் பாருங்கள்.

தக்கலைக்காரன்:
கண்ணாடி போடுகிறேன் ஐயா. மச்சான் அந்த நாலு கூட்டையும் போட்டோ எடுத்து அனுப்பினார். மூன்றின் அடியில் வட்டத்துக்குள் சிலுவை மாதிரி ஒரு குறி. சுடுகளத்தில் பொறுக்கியவை.

பழைய ஆர்மரர், குழித்துறை:
அது நேட்டோ என்ற ராணுவக் கூட்டணியின் முத்திரை. ராணுவக் கூட்டில் பிரைமர் கழன்றுவிடாமலிருக்கக் குழி வாயை நெரித்து வைப்பார்கள். அந்த நெரிப்பை எடுக்காமல் புதுசை ஏற்றினால் இடிக்கத்தான் செய்யும். குழி வாயை விரிக்கும் கருவியை முதலில் வாங்கு, கைக்கருவி அப்புறம். அதுவரை அந்தக் கூடுகளை ஒதுக்கி வை.

தக்கலைக்காரன்:
சரி ஐயா, தனி வாளியில் போடச் சொல்லிவிட்டேன். அடுத்த லீவில் கருவியை இங்கே கொண்டுவந்து உங்களிடம் காட்டட்டுமா?

பழைய ஆர்மரர், குழித்துறை:
வேண்டாம் மக்களே. 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுப்படி இங்கே தோட்டா தயாரிக்க லைசென்ஸ் வேண்டும். பையில் ஒன்று மறந்து கிடந்தாலே விமான நிலையத்தில் நிறுத்திவிடுவான். போட்டோ அனுப்பு, போதும். போகும்போது மச்சானுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு போ.