கார் வராத பாதையில் சைக்கிள்: பிரான்ஸில் நடந்து, இன்னும் மனதை அரிக்கிற ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கேரியர் காலி:
எத்தனை கிலோமீட்டர் மிதித்தீர்கள், என்ன சைக்கிள் என்பதெல்லாம் வேண்டாம். ஒரு சம்பவம் போதும். நானே ஆரம்பிக்கிறேன், எனக்கு இது மூன்று வருடமாகத் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது.

தென் பிரான்ஸின் கனால் து மிதி கால்வாய். துலூஸில் கிளம்பினால் முதல் ஐம்பது கிலோமீட்டருக்குத் தார்ப் பாதை, பக்கத்திலேயே கால்வாய், தலைக்கு மேல் பிளாத்தான் மரங்கள், போனவர்களுக்குத் தெரியும். போர் லோராகே தாண்டியதும் தார் முடிந்து மண் பாதையாகிவிடும். ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு கடை திறந்திருக்கவில்லை. மலையிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை அட்லாண்டிக் பக்கம் பாதி, மத்தியதரைக் கடல் பக்கம் பாதி என்று, இந்தக் கால்வாயை வெட்டிய ரிக்கே பிரித்துவிட்ட நொரூஸ் மேட்டில் நிற்கிறேன், என்னுடைய இரண்டு பாட்டிலும் காலி.

கொஞ்ச தூரத்தில் எக்லூஸ், அதுதான் படகை ஏற்றி இறக்குகிற மதகு, அதையொட்டி ஒரு வீடு. அடுத்த எக்லூஸ் எத்தனை மீட்டர், முந்தையது எத்தனை மீட்டர் என்று சுவரில் இரும்புப் பலகை இருக்குமே, அந்த மாதிரி வீடு. வாசலில் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் ஹோஸ் பிடித்துப் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, தெரிந்த பிரெஞ்சில் "லோ, சில் வூ ப்ளே" என்றேன். தண்ணீர், தயவுசெய்து. மரியாதையாகத்தானே கேட்டேன்?

அந்த அம்மா ஹோஸை மூடினார். என்னைப் பார்த்து "போன்ஜூர், மொசியூ" என்றார். வணக்கம், ஐயா. அப்புறம் சும்மா நின்றார். காது கேட்கவில்லையோ என்று நான் இன்னும் சத்தமாக "லோ!" என்றேன். மறுபடியும் "போன்ஜூர், மொசியூ." அதே குரல், அதே நிதானம். ஹோஸ் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கிறது, என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இந்த அம்மா பாடம் எடுக்கிறார். மூன்றாவது முறை சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. நானும் "போன்ஜூர், மதாம்" என்றேன். உடனே உள்ளே போய் ஐஸ் போட்டு நிரப்பிக்கொண்டு வந்தார்.

அவமானமா, கோபமா, இன்னும் தெரியவில்லை. தாகத்தோடு நிற்கிறவனிடம் போய் இப்படிச் செய்வார்களா?

பொபினி அண்ணை:
தம்பி, அந்த அம்மா செய்தது சரி. இங்கே பஸ்ஸில் ஏறினாலும் சாரதிக்கு போன்ஜூர், பாண் கடைக்குள் போனாலும் போன்ஜூர், பிறகுதான் மற்றக் கதை. அது இல்லாமல் கேட்டால் நீங்கள் எத்தனை "சில் வூ ப்ளே" போட்டாலும் அவர்களுக்கு அது அதட்டல்தான். நாங்கள் ஊரில் முன்பின் தெரியாத வீட்டுப் படலையில் நின்று "அக்கா, கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்று கேட்போமே, வணக்கமா சொல்லுகிறோம்? அந்த "அக்கா"வுக்குள் எல்லாம் வந்துவிடும். பிரெஞ்சில் அப்படிக் கூப்பிட அக்கா இல்லை, போன்ஜூர்தான் இருக்கு.

என் கதை சின்னன். தொண்ணூறுகளில் பாரிசில், லாச்சப்பலில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினேன். கடைசி மெத்ரோவை விட்டால் நடைதான் என்றபடியால் பழைய சயிக்கிள் ஒன்று வாங்கி, லா வில்லெத்திலிருந்து கால்வாய்க் கரையால் பொந்தான் தாண்டி பொபினிக்கு வருவேன். கால்வாயின் பேர் ஊர்க். பேரிலேயே ஊர் இருக்கு என்று நாங்கள் பகிடி விடுவோம். பாரிசுக்குக் குடிதண்ணி கொண்டுவர 1802இல் நெப்போலியன் வெட்டச் சொன்னது, இப்போது அந்தத் தண்ணியைக் குடிக்க ஏலாது.

ஒரு திங்கட்கிழமை கடை லீவு. அறைக்குள் ஆறு பேர், படுக்க முடியவில்லை. என்ன நினைத்தேனோ, சயிக்கிளை வழமையான பக்கம் விடாமல் கிழக்குப் பக்கம் திருப்பினேன். செவ்ரான் காடு வந்தது, பிறகு கிளே சூயி, நல்ல பாதை அத்தோடு சரி. அதற்கும் அங்காலே கொஞ்சத் தூரம் மிதித்துக் கரைமேல் ஏறிப் பார்க்கிறேன், கோதுமை வயல். பழுத்துத் தலை சாய்த்து, கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல். டிராக்டரில் போன ஒருவர் எனக்குக் கை காட்டினார். இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருஷம், அதுவரைக்கும் நான் கண்டது சீமெந்தும் சுரங்க ரயிலும் பொலிசும்தான்.

மற்ற நாள் வேலைக்குப் போய்க் குசினியில் சொன்னேன், இங்கே வயல் இருக்குது என்று. சமையல்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பிறகு பாண் எங்கேயிருந்து வருகுது என்று நினைத்தாய்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இப்பவும் காதுக்குள் நிற்குது.

நிழல் தேடி:
"தலைக்கு மேல் பிளாத்தான் மரங்கள்" என்று ஒரே வரியில் கடந்து போகிறீர்களே, எல்லா இடத்திலுமா மரம் இருக்கிறது? 42,000 மரங்கள் இருந்த கால்வாய் அது. 2006இல் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடித்தார்கள், மருந்து கிடையாது, வந்த மரத்தையும் பக்கத்து மரங்களையும் வெட்டி அங்கேயே எரித்துவிடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வெடிமருந்துப் பெட்டி மரத்தோடு வந்த நோய் என்கிறார்கள். கர்க்கசோன் தாண்டி நான் போனபோது கிலோமீட்டர் கணக்கில் நிழலே இல்லை. ஒரு அடிமரத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றேன். என் இரண்டு கையையும் நீட்டினாலும் எட்டாத அகலம். எழுந்து பார்த்தால் கால்சட்டையெல்லாம் மரத்தூள். துவைத்த பிறகும் பையில் கொஞ்சம் இருந்தது, தூக்கிப் போடவில்லை.

ரிட்டயர்டு ரைடர்:
மகன் லியோனில் இருக்கிறான், அவனைப் பார்க்கப் போன இடத்தில் நானும் என் மனைவியும் வாடகைக்கு இரண்டு சைக்கிள் எடுத்தோம். பர்கண்டியில் ழிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர், பழைய ரயில் பாதையைப் பிடுங்கிவிட்டு 1997இல் போட்டது, நாட்டிலேயே முதல் 'வுவா வேர்த்', அதாவது கார் வராத பசுமைப் பாதை, அதுதான். ரயில் ஓடின தடம் என்பதால் ஏற்றமே தெரியாது, 64 வயது முட்டிக்கு இதைவிட என்ன வேண்டும். ஸ்டேஷன், பிளாட்பாரம் எல்லாம் அப்படியே இருக்கிறது, ரயில்தான் இல்லை.

க்ளூனிக்குத் தெற்கே புவா க்ளேர் என்று ஒரு குகைப்பாதை, 1.6 கிலோமீட்டர். அதைப் பார்க்கத்தான் முக்கியமாகப் போனதே. மார்ச் முதல் வாரம். கிட்டே போனால் கேட் பூட்டியிருக்கிறது. வௌவால் தூங்குகிறதாம், குளிர்காலம் முழுக்க மூடிவிடுவார்களாம், நாம் மலை மேலே ஏறிச் சுற்றிப் போக வேண்டுமாம். என் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, "ஏங்க, நம்ம வீட்டுல நான் மத்தியானம் அரை மணி நேரம் படுத்தா காலிங் பெல் அடிக்கிறீங்களே" என்றாள். நாற்பது வருடக் கணக்கை அங்கே தீர்த்துவிட்டாள். நான் பதில் சொல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலை ஏறினேன். ஆனாலும் கேட்கிறேன், வரிப்பணத்தில் பாதை போட்டுவிட்டு வௌவாலுக்காகப் பூட்டுவது கொஞ்சம் அதிகமில்லையா?

நிழல் தேடி:
சார், சிவகங்கை வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. குழந்தைகள் உட்பட. நீங்கள் ஒரு மேடு ஏற மாட்டீர்களா?

ஒட்டுப்பசை:
எல்லோரும் கதை சொல்கிறீர்கள், யாரும் உபயோகமாக ஒன்றும் சொல்லவில்லை. என் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பிரெத்தாஞில் நான்த்–பிரெஸ்த் கால்வாய், ஜொஸ்லான் ஊர். கால்வாய் ஓரமாகவே கோட்டை, மூன்று உருண்டைக் கோபுரமும் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும், அவ்வளவு பேர் போட்டோ எடுக்கிறார்கள். நான் அங்கே ஒன்றே கால் மணி நேரம் இருந்தேன், பார்த்தது பூரா டியூபை. மூன்று ஓட்டை. அவ்வளவுதான் கதை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். காரே வராத பாதையில் எப்படி பஞ்சர் என்று கேட்பீர்கள். இலையுதிர்காலத்தில் வேலியை மெஷின் வைத்துக் கத்தரிப்பார்கள், அதில் ப்ரூனெலியே என்று ஒரு முள்செடி, அந்த முள்ளெல்லாம் பாதையில்தான் கிடக்கும். நம் ஊர்க் கருவேல முள்ளுக்குச் சளைத்ததில்லை. ஆகவே டியூப் இரண்டு, ஒட்டுவதற்கும் சாமான், கட்டாயம். வாடகை சைக்கிளாக இருந்தால் வால்வைப் பார்த்துவிட்டு பம்ப் வாங்குங்கள். ஒல்லியாக இருக்கும் வால்வுக்கு நம் ஊர் பம்ப் வாய் சேராது, காற்றடிக்கும் முன்னால் அதன் நுனித் திருகைத் தளர்த்தவும் வேண்டும், இது தெரியாமல் வால்வையே உடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன் (நானும் ஒருவன்). சாப்பாடு: கிராமத்துக் கடை மதியம் பூட்டிவிடுவார்கள், திங்கட்கிழமை பல இடங்களில் நாள் முழுக்கப் பூட்டு, சனிக்கிழமையே பையில் ரொட்டியும் சீஸும் இருக்க வேண்டும். தண்ணீர்: கேரியர் காலி அவர்களே, யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதே இல்லை, ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பூச்செடிக்காகக் குழாய் இருக்கும். "நோன் பொத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். ரயில்: உள்ளூர் ரயிலில் பெரும்பாலும் சைக்கிளுக்குக் காசில்லை, கோடையில் சில பகுதிகளில் முன்பதிவு கேட்பார்கள். தேஜேவே என்கிற அதிவேக ரயிலில் அதற்கென்று இடம் பதிவு செய்யுங்கள், இல்லையா, கழற்றிப் பைக்குள் போடுங்கள். கார் நுழையாமல் இருக்கப் பாதையின் குறுக்கே வளைத்து வளைத்துக் கம்பி வைத்திருப்பார்கள், இரண்டு பக்கமும் பை தொங்கவிட்ட சைக்கிள் அதில் நுழையாது, ஒரு பையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

பொபினி அண்ணை:
சவக்காலைத் தண்ணியைக் குடிக்கச் சொல்லுகிறீர்கள், ஒரு போன்ஜூர் சொல்ல ஏலாதா?

ஒட்டுப்பசை:
நகராட்சிக் குழாய்த் தண்ணீர்தான் ஐயா அது. நான் குடித்து ஒன்றும் ஆகவில்லை.

நதியோரம்:
தலைப்பில் "கார் வராத பாதை" என்று இருக்கிறது, என்னுடையது லுவார் அ வெலோ என்கிற லுவார் ஆற்றோர சைக்கிள் பாதை, அதில் சில துண்டுகள் கார் வருகிற சின்ன ரோடுதான், இருந்தாலும் சொல்கிறேன். ஓர்லேயானிலிருந்து புளுவா, அறுபது கிலோமீட்டர் சுமார். எல்லோரும் மேற்கிலிருந்து கிழக்கே போ, கடல் காற்று முதுகில் தள்ளும் என்றார்கள். எனக்கு டிக்கெட் கிடைத்தது ஓர்லேயானுக்கு. வெள்ளம் வராமல் இருக்க ஆற்றோரமாகப் போட்ட கரை மேல் பாதை, மறைப்பே இல்லை, காற்று முகத்தில் அறைகிறது. நான் தனியாக. சாயங்காலம் ஏழு மணி.

பின்னால் ஒரு சைக்கிள். செயின் சத்தம் கேட்கிறது. நான் வேகம் குறைத்தால் அதுவும் குறைகிறது. நான் மிதித்தால் அதுவும். முந்திப் போகவும் இல்லை. நம் ஊரில் காலேஜ் போகும்போது இப்படி ஒரு டூ வீலர் பின்னால் வந்தால் உடம்பு தானாக என்ன செய்யுமோ அதைச் செய்தது. ஹேண்டில்பாரில் கை வியர்த்து வழுக்குகிறது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், போனை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன். இருபது நிமிடம், சத்தியமாக. புளுவாவின் கோபுரங்கள் தெரிந்ததும் பாலத்தின் முன்னால் நிறுத்திவிட்டுத் திரும்பினேன். எண்பது வயதுக்குக் குறையாத தாத்தா. மஞ்சள் ஜெர்சி, மூக்கு நுனியில் சளி. "மெர்சி, மத்மோசெல்!" என்று நன்றி சொல்லிக் கை தூக்கிவிட்டு அப்படியே பாலத்தில் போய்விட்டார். அந்த ஆள் இருபது நிமிடமும் என்னைக் காற்றுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு ஓசியில் வந்திருக்கிறார்!

சிரித்தேன், அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு போன்ஜூர் சொல்லியிருக்கலாமே பின்னால் வந்தபோதே. பொபினி அண்ணா, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பொபினி அண்ணை:
அந்த மனிசன் செய்தது பிழை தங்கச்சி. அதில் பேச்சுக்கு இடமில்லை.

ரிட்டயர்டு ரைடர்:
என் மனைவி இதைப் படித்துவிட்டு, "பெல்லாவது அடிச்சிருக்கலாம் கிழவன்" என்கிறாள்.

கேரியர் காலி:
அண்ணா சொன்ன "அக்கா" விஷயத்தை ரெண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் இப்போது வேறு ஒன்று அரிக்கிறது. பாட்டிலை வாங்கினேன், ஐஸ் கடகடவென்று சத்தம் போட்டது ஞாபகம் இருக்கிறது, அங்கேயே பாதியைக் குடித்தது ஞாபகம் இருக்கிறது. மெர்சி சொன்னேனா என்பது மட்டும் ஞாபகமே இல்லை.

பொபினி அண்ணை:
சொல்லியிருப்பீர்கள்.

ஒட்டுப்பசை:
அது இருக்கட்டும், அந்த மண் பாதையில் என்ன அகலத்தில் டயர் போட்டிருந்தீர்கள்? வேர் தூக்கிக்கொண்டிருக்குமே.