ஏர் சஸ்பென்ஷனைக் கழற்றி ஸ்ப்ரிங் போட்டவங்க, போடாதவங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

கோவை, 2003 மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் (டபிள்யூ220 மாடல்)

பழைய எஸ் கிளாஸ் வாங்கலாமான்னு கேக்கிறவங்க எல்லாரும் கடைசியில ஏர்மேட்டிக்ல, அதாவது ஸ்ப்ரிங்குக்குப் பதிலா காத்துப் பை வண்டியைத் தாங்குற மெர்சிடிஸ் சஸ்பென்ஷன்ல, வந்துதான் தயங்குறாங்க. என் வண்டியில அதை எடுத்துட்டு ஸ்ப்ரிங் போட்டாச்சு, தினமும் ஓடுது. என் பங்குக்கு இது.

ராத்திரி நிறுத்தினா காலையில முன்பக்க இடது மூலை டயர் மேல உக்காந்திருக்கும். ஸ்டார்ட் பண்ணினா பைக்குக் காத்தடிக்கிற கம்ப்ரசர் முனகிக்கிட்டே தூக்கும். மீட்டர்ல 'விசிட் ஒர்க்‌ஷாப்'னு வரும். ஒரு பெரிய ஷாப்ல கம்ப்ரசர் போச்சு, மாத்தணும்னாங்க. உக்கடம் பக்கம் நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் அதைக் காதுலயே வாங்கல. சோப்புத் தண்ணியை ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி, ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கச் சொல்லி, காத்துப் பையோட ரப்பர் மடிப்பு மேல அடிச்சார். மடிப்பு உருளுற இடத்துல கடுகளவு குமிழ் வரிசையா கிளம்புச்சு. "தம்பி, ஓட்டைப் பானைக்குத் தண்ணி ஊத்தி ஊத்தித்தான் இந்த மோட்டார் சாகுது. புதுசு போட்டாலும் இதே கதிதான்"னார்.

இதுல கம்ப்ரசரை ஆன், ஆஃப் பண்ற ரிலே சுவிட்சும் ஒரு வில்லன். அது உள்ள ஒட்டிக்கிட்டா கம்ப்ரசர் நிக்காம ஓடி எரிஞ்சுடும். கம்ப்ரசர் மாத்துறவங்க ரிலேவையும் சேத்தே மாத்திடுங்க.

ஒரு மூலை மட்டும் போயிருந்தா நான் ஸ்ப்ரிங் பக்கமே போயிருக்க மாட்டேன். நாலு ரப்பரும் ஒரே வயசு, நாலுலயும் வெடிப்பு. இந்த வண்டியில காத்துப் பையும் ஷாக்கும் தனித்தனி இல்ல, ரெண்டும் சேர்ந்த ஒரே ஸ்ட்ரட். பை கிழிஞ்சா மொத்தமா மாத்தணும். நாலு ஸ்ட்ரட் விலையைக் கேட்டதும் வீட்டுல பேச்சு நின்னு போச்சு. ஸ்ப்ரிங்கா மாத்துற கிட் வரவழைச்சோம்.

போல்ட் வேலை பெரிசில்ல. எலக்ட்ரானிக்ஸ்தான் தலைவலி. கம்ப்யூட்டர் தன் ஸ்ட்ரட்டைத் தேடிக்கிட்டே இருக்கும், எச்சரிக்கை அணையாது. அதை ஏமாத்த கிட்டோட ஒரு சின்ன மாட்யூல் வரும். அது இல்லாத மலிவு கிட்டை வாங்காதீங்க. ஃப்யூஸைப் பிடுங்கி, பல்பை மறைச்சு விக்கிற வண்டிகள் சந்தையில நிறைய இருக்கு.

போட்ட புதுசுல முன்பக்கம் ஜீப் மாதிரி எம்பி நின்னுச்சு. கொஞ்சம் ஓடினதும் ஸ்ப்ரிங் படிஞ்சுது. உயரம் மாறினா கேம்பரும் (சக்கரத்தோட சாய்வு) மாறும், அதனால அலைன்மென்ட்டை அதுக்கப்புறம் பண்ணுங்க. முன்னாடியே பண்ணினா டயரோட உள்விளிம்பு தேயும்.

இழப்பு என்னன்னா, பின்சீட்ல மூணு பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏறினா பின்பக்கம் தணியுது. முன்ன அதுவே சமன் பண்ணிக்கும். ஸ்பீட் பிரேக்கருக்கு முன்ன பட்டனை அழுத்தித் தூக்குற வசதியும் போச்சு. மேட்டுப்பாளையம் ரோட்ல நல்லாத்தான் போகுது, ஆனா அந்த மிதக்குற சுகம் இல்ல. இது நல்லா ஓடுற பெரிய கார், அவ்வளவுதான்.

இன்னொண்ணு, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை எடுத்துக்காட்டி, கம்பெனி வடிவமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. போடறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் கேட்டுக்கோங்க. விபத்து ஆனப்புறம் சர்வேயர் கண்டுபிடிச்சா கிளைம் சிக்கலாயிடும்.

கிள்ளான் (மலேசியா), மெர்சிடிஸ் ஈ கிளாஸ் (டபிள்யூ211)

அண்ணே, நான் ஸ்ப்ரிங் போடல. இங்க ஹாஃப் கட் கடையில (பழைய வண்டியை வெட்டி பாகம் விக்கிற கடை) ஏர் ஸ்ட்ரட் மலிவாத்தான் கிடைக்கும், ஆனா அதுவும் நம்ம காடி (கார்) வயசுதான், ரப்பரும் அதே கிழ ரப்பர். அதனால வெளிக் கம்பெனி புது ஸ்ட்ரட்டா முன்னுக்கு ரெண்டும் மாத்தினேன். பின்னுக்கு டபிள்யூ211ல பை வேற, ஷாக் வேற, பையை மட்டும் மாத்தலாம். டபிள்யூ211 வச்சிருக்கவங்க எஸ் கிளாஸ் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேணாம்.

ஒண்ணு மட்டும் எல்லாரும் கேட்டுக்கோங்க: காத்துல நிக்கிற காடிக்கு அடியில கையையோ தலையையோ விடாதீங்க. ஜேக் ஸ்டாண்ட் கட்டாயம். பைப்பைக் கழட்டினா காடி சொல்லாம கொள்ளாம இறங்கும்.

லண்டன், 1999 ரேஞ்ச் ரோவர் (பி38)

என்னட்ட இருக்கிறது வேற சாதி. 1970இல வந்த முதல் ரேஞ்ச் ரோவரே கொயில் ஸ்பிரிங்தான், காத்து பிறகுதான் வந்தது. அதால பி38க்குக் கொயில் போடுறதை இங்க ஒருத்தரும் பாவமாப் பாக்கிறேல்ல. கிட் வாங்கிறதும் சுகம்.

எண்டாலும் நான் போடேல்ல. கம்பியூட்டர் ஒருக்கா கோவிச்சுதெண்டால் வாகனம் அடிக்கு இறங்கி பம்ப் ஸ்டொப்பில (அடியில தாங்கிற ரப்பர் கட்டை) இருந்திடும், டயக்னொஸ்டிக் போட்டுப் பிழையை அழிக்கும் வரைக்கும் எழும்பாது. ஆனா அதுக்குக் காரணம் அநேகமா பைகளுக்குக் காத்தைப் பிரிச்சு விடுற வால்வ் புளொக்குக்குள்ள இருக்கிற ஓ ரிங்தான் (வட்ட ரப்பர் வளையம்), விலை சில்லறை. குசினி மேசையில பேப்பர் விரிச்சு, புளொக்கைக் கழட்டி, காஞ்சு சப்பையாப் போன ரிங்குகளை ஊசியால கிளப்பி எடுத்தனான். மனுசி பேசின பேச்சு தனி. இதில பையும் ஷாக்கோட ஒட்டினதில்லை, வீட்டிலயே மாத்தலாம். கோவைக்காரருக்கு வந்த கணக்கு எனக்கு வரேல்ல. வந்திருந்தா நானும் கொயில்தான்.

ஒரு கேள்வி: கோவைக்காரர், உங்கட செனன் ஹெட்லைட் இப்ப எப்பிடி?

கோவை, 2003 எஸ் கிளாஸ்

நல்ல கேள்வி, எழுத விட்டுப்போச்சு. லைட்டோட தானியங்கி மட்டத்துக்கு உயர சென்சார் தகவல் வேணும். அதனால சென்சாரையும் அதோட இணைப்புக் கம்பியையும் கழட்டல, அப்படியே விட்டிருக்கோம். கம்பி வளைஞ்சாலோ விட்டுப்போனாலோ வெளிச்சம் ஒண்ணு காலடியில விழும், இல்லேன்னா எதிர்ல வர்றவர் கண்ணுல. கிட் மாட்டிட்டு ராத்திரி சுவருக்கு முன்னாடி நிறுத்தி ரெண்டு லைட்டையும் பார்த்துட்டுத்தான் மெக்கானிக்குக்குப் பணம் கொடுங்க.