செஸ்டர் வட்டரங்கின் மறுபாதியைத் தோண்ட வேண்டுமா?

மதிலோரம்:
சென்ற வாரம் இங்கிலாந்தின் செஸ்டர் நகருக்குச் சென்று, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள நகர மதிலின் மேல் ஒரு முழுச் சுற்று நடந்தேன். கி.பி. 70களில் ரோமானியர் டேவா என்ற பெயரில் அமைத்த படைக்கோட்டையிலிருந்து வளர்ந்த நகரம் இது. நியூகேட் வாயிலருகே இறங்கி, மதிலுக்கு வெளியே இருக்கும் வட்டரங்கை (மக்கள் சுற்றி அமர்ந்து காட்சிகளைப் பார்த்த ஆம்பிதியேட்டரை) பார்த்தபோது மனம் கனத்துவிட்டது. ரோமானியர் பிரிட்டனில் கல்லால் கட்டிய வட்டரங்குகளுள் மிகப் பெரியதான அதில் வடபாதி மட்டுமே வெளியே தெரிகிறது. மற்றதெல்லாம் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டீ ஹவுஸ் (Dee House) மாளிகைக்கும், அதனருகே பிற்காலத்தில் எழுந்த நீதிமன்றக் கட்டடத்துக்கும் அடியில் கிடக்க, காணாத பாதியை ஈடுசெய்வதுபோல் குறுக்குச் சுவரில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். நெடுங்காலமாகப் பூட்டிக் கிடக்கும் அந்த மாளிகையையாவது அகற்றிவிட்டு அரங்கை மீட்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அடுக்குமண்:
உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஐயா. ஆனால், நீங்கள் நடந்து மகிழ்ந்த மதிலையே எண்ணிப் பாருங்கள். அதில் ரோமானியர் காலத்துக் கல் வரிசைகள் சில இடங்களில்தான் இருக்கின்றன. மேற்கிலும் தெற்கிலும் நீங்கள் கடந்த பகுதி இடைக்காலத்தில் விரிவாக்கப்பட்டது. உலாவுவதற்கேற்ற நடைபாதையாக அது மாறியது 18ஆம் நூற்றாண்டில். கிழக்கு வாயிலின் மேலுள்ள கடிகாரமோ, விக்டோரியா அரசியின் 60 ஆண்டு ஆட்சி நிறைவையொட்டி அமைக்கப்பட்டு 1899இல் இயங்கத் தொடங்கியது. ரோமானியரை மட்டும் தேடிப் பிற்காலத்தையெல்லாம் உரித்தெறிந்தால் அந்த மதிலே மிஞ்சாது. டீ ஹவுசும் சட்டப் பாதுகாப்புப் பெற்ற வரலாற்றுக் கட்டடம்தான். மேலும், தோண்டிய மண்ணடுக்கை மீண்டும் அடுக்கிவைக்க எவராலும் இயலாது.

மதிலோரம்:
மதில் இன்றும் மக்கள் நடமாடும் இடம். அந்த மாளிகை அப்படியன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. அரங்கு வெளிப்பட்ட வரலாற்றையும் நினைவுகூருங்கள். 1929இல் அது தற்செயலாகக் கண்டறியப்பட்டபோது, அதன் நடுவே சாலை அமைக்கத் திட்டம் இருந்தது. உள்ளூர்த் தொல்லியல் ஆர்வலர்கள் போராடி நிதி திரட்டியதால்தான் சாலை வளைந்து போயிற்று. இன்றும் அந்த வளைவைக் காணலாம். அன்று அவர்கள் 'மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கட்டும்' என்று வாளாவிருந்திருந்தால், இந்தப் பாதியும் நமக்குக் கிடைத்திராது.

அடுக்குமண்:
அவர்கள் போராடியது அழிவைத் தடுப்பதற்காக. இன்று அத்தகைய நெருக்கடி ஏதும் இல்லையே! 1960களில் தோண்டிய அதே வடபாதியில் 2004 முதல் 2006 வரை மீண்டும் அகழாய்வு செய்தபோதுதான், அங்கே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அரங்குகள் கட்டப்பட்டிருந்தது தெளிவாயிற்று. முதற்குழுவினர் ஒரு துணுக்கையும் விடாமல் தோண்டி முடித்திருந்தால் இரண்டாம் குழுவினருக்கு என்ன எஞ்சியிருக்கும்? தென்பாதியை அடுத்த தலைமுறைக்கு விட்டுவைக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கால்வாய்க்கரை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இருவருமே வடமதிலைப் பற்றிப் பேசவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைப் பழுதுபார்க்கப் பிரித்தபோது, உள்ளே ரோமானியக் கல்லறைக் கற்கள் நிரப்புக் கற்களாகக் கிடந்தன. படைவீரர்களின் பெயர்களைத் தாங்கிய அக்கற்கள் இப்போது குரோவ்னர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ரோமானியர் கைபட்ட மதிலைக் காண விரும்புவோர், வடக்கு வாயிலுக்குக் கிழக்கே, கால்வாய்ப் பாதையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். மதிலின் மேல் நடப்பவர்களுக்கு அது கண்ணில் படாது.

மதிலோரம்:
மேலேயே நடந்துவிட்டதால் அதைத் தவறவிட்டிருக்கிறேன், சொன்னதற்கு நன்றி. ஆயினும், அடுக்குமண் அவர்களே, மதிலைப் பிரித்ததால்தானே அந்தப் படைவீரர்களின் பெயர்கள் நமக்குத் தெரியவந்தன?

அடுக்குமண்:
பழுதுபார்த்தே தீர வேண்டியிருந்ததால் பிரித்தார்கள். டீ ஹவுசுக்கும் அப்படியொரு நாள் வந்தால், அதன் அடித்தளத்தைத் தொடும்போது தொல்லியலாளர் உடனிருக்க வேண்டும் என்பதை முழுமனத்துடன் ஆதரிப்பேன். இடிப்பதற்கு மட்டும் என் ஒப்புதல் இல்லை.