ரீமேப் செய்த டீசல் கெப்: ஒயில் எத்தனை கிலோமீற்றரில் மாற்றுகிறீர்கள்?

வணக்கம் அண்ணாமார், ஓர் உதவி. கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் விடியற்காலையில் பேலியகொடை சந்தைக்கு மரக்கறி ஏற்றப் போகும் 2.5 லீற்றர் டர்போ டீசல் டபுள் கெப் என்னுடையது. ஆறு மாதத்துக்கு முன் ரீமேப் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி வலுவைக் கூட்டுவது) செய்து, 265/70ஆர்16 டயருக்குப் பதிலாக 285/75ஆர்16 போட்டேன்.

லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடியது இப்போது 8.5. பெரிய டயரால் மீற்றர் ஏறத்தாழ 7 வீதம் குறைத்துத்தான் காட்டும். சரி, அதைச் சேர்த்தாலும் 9தான் வருகிறது.

ஒயில்தான் பெரிய கவலை. 15டபிள்யூ-40 ரக ஒயில் ஊற்றி 5000 கிலோமீற்றரில் மாற்றுகிறேன். மீற்றரில் 5000 என்றால் உண்மையில் 5350 அளவு ஓடியிருக்கும். ஆமர் வீதி நெரிசலில் எஞ்சின் சும்மா ஓடும் நேரமோ கணக்கிலேயே வராது. நிறத்தை வைத்தும் முடிவெடுக்க முடியாது, டீசலில் ஒயில் சீக்கிரமே கறுத்துவிடும்.

இப்படி மாற்றியவர்கள் 4000க்கு இறங்கினீர்களா? டர்போ பழுதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.