வர்ஜீனியா உயிலில் மூத்த மகன் பெயரே இல்லை, ஏன்?

கேள்வி: என் கணவரின் முன்னோர் வர்ஜீனியாக்காரர்கள். 1740களில் எழுதிய உயிலில் மனைவி, இளைய மகன்கள், மகள்கள் எல்லாரும் இருக்கிறார்கள், இறகு மெத்தையும் கறுப்புப் பசுவும் யாருக்கு என்பதுகூட இருக்கிறது, நாங்கள் தேடும் மூத்தவர் மட்டும் இல்லை. ஒதுக்கிவிட்டார்களா?

பதில் 1: அவசரப்படாதீங்க. அப்பா முன்பே அவருக்கு நிலம் எழுதிக் கொடுத்திருக்கலாம். 1785ல் சட்டம் மாறும்வரை, உயிலில் சொல்லாத நிலம் மூத்த மகனுக்குத்தான். கவுண்டி (அங்கே மாவட்டம் மாதிரி) கிரயப் பத்திரங்களைப் பாருங்கள். வாங்கிய பதிவே இல்லாத நிலத்தை அவர் விற்றிருந்தால் பெரும்பாலும் அது அப்பா வழிச் சொத்து.

பதில் 2: விற்ற பத்திரத்தில் அந்த மூத்தவரின் மனைவி, கணவர் இறந்தால் நிலத்தில் தனக்குள்ள மூன்றிலொரு பங்கு உரிமையை விட்டுக்கொடுத்திருக்கலாம், அப்படியானால் அந்த மனைவியின் பெயர் அங்கே கிடைக்கும். அப்புறம் தேதி: 1752க்கு முன் அங்கே மார்ச் 25ல்தான் புது வருடம், அதனால் ஜனவரி, பிப்ரவரி தேதிகளில் முந்தைய வருடமே எழுதியிருக்கும்.

கேட்டவர்: பத்திரம் கிடைத்துவிட்டது! மனைவி பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் மை ஊறியிருக்கிறது.