கடைச் சுவரில் ஏலப் பலகை: நான்கு வருட அனுபவம்

செப்புக்காசு:

வணக்கம். திருச்சியில் சின்னதாக ஒரு பழங்காசுக் கடை வைத்திருக்கிறேன். நான்கு வருடமாகக் கடைச் சுவரில் ஏலப் பலகையும் நடத்துகிறேன். சண்டை வராதா, ஏமாற்ற மாட்டார்களா என்று இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். இரண்டையும் பார்த்துவிட்டேன்.

நடைமுறை எளிதுதான். காசை அட்டை ஹோல்டரில் வைத்து ஸ்டேப்ளர் அடித்து, பலகையில் குண்டூசியால் குத்திவிடுவேன். கீழே ஒரு சீட்டு. அதில் காசின் விவரம், ஆரம்ப விலை, ஏலம் கேட்பவர்கள் தங்கள் விலையை எழுதக் கட்டம். பெயர் எழுதக் கூடாது, நான் கொடுத்த எண்ணைத்தான் எழுத வேண்டும். பேனா மட்டும், அடித்தல் திருத்தல் கிடையாது. சனிக்கிழமை மாலை 7 மணிக்கு முடிவு. காசு கொடுத்தவரிடம் பத்து சதவீதம் கமிஷன்.

ஆரம்பத்தில் கடைசி நிமிடம்தான் பெரும்பாடு. வாரம் முழுக்க யாரும் பேனாவைத் தொட மாட்டார்கள். 6.55க்கு நாலு பேர் பலகையை மறைத்துக்கொண்டு தோளோடு தோள் நிற்பார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் பின்னால் நின்று "தம்பி, கொஞ்சம் தள்ளிக்கப்பா" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே மணி ஏழாகிவிட்டது. அவர் கேட்க வந்தது 1947 புலி ரூபாய், பின்பக்கம் புலி இருக்கும் காசு. ஒன்றும் பேசாமல் படியிறங்கிப் போனார். அன்று ராத்திரியே விதியை மாற்றினேன். கடைசி ஐந்து நிமிடத்தில் யார் எழுதினாலும், அந்தச் சீட்டுக்கு மட்டும் இன்னும் ஐந்து நிமிடம். இடித்துக்கொண்டு நிற்பதில் பலனில்லை என்றதும் கூட்டம் தானாக விலகியது.

தூக்கத்தைக் கெடுத்தது ஒரு 1939 ரூபாய். ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை. அடுத்த வருடமே ரூபாயில் வெள்ளியை 50 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் 91.7 சதவீத வெள்ளியில் வந்த கடைசி ரூபாய் அது, கிடைப்பதும் அரிது. கொண்டுவந்தவர் பழைய வாடிக்கையாளர். எடை சரி, 11.6 கிராம். சுண்டிப் பார்த்தேன், ஓசையும் சரி. சீட்டில் "1939, அசல்" என்று எழுதிக் குத்தினேன். 15,000த்தில் தொடங்கி, ஐந்தைந்து நிமிடமாக நீண்டு, 7.25க்கு 12ஆம் எண்காரருக்கு 41,000க்கு முடிந்தது.

பணம் வாங்குமுன் ஹோல்டரைப் பிரித்து லென்ஸில் பார்த்தேன். கடைசி 9இன் வளைவு முன்னால் இருக்கும் 9 போல இல்லை. அதைச் சுற்றி மட்டும் சுரண்டிய கோடுகள். யாரோ 1938 ரூபாயின் 8ஐச் செதுக்கி 9 ஆக்கியிருந்தார்கள். காசும் அசல், வெள்ளியும் அசல் என்பதால்தான் தராசும் ஓசையும் காட்டிக்கொடுக்கவில்லை.

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். கொடுத்தவருக்கு ஆத்திரம். அவரும் பத்து வருடம் முன்பு நல்ல விலை கொடுத்து வாங்கியதாம். "நாலு பேர் முன்னாடி என்னைத் திருடன் மாதிரி ஆக்கிட்டீங்களே" என்றார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பார்க்க வேண்டியதைப் பலகையில் குத்துவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். சீட்டில் "அசல்" என்று எழுதியது என் கை. அந்த வார்த்தையை நம்பித்தான் 12ஆம் எண்காரர் 41,000 வரை வந்தார். இப்போது லென்ஸில் வருடத்தைப் பார்க்காமல் எந்தச் சீட்டும் எழுதுவதில்லை. வாங்கியவர் ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம் என்றும் சேர்த்திருக்கிறேன்.

ஓட்டைக்காலணா:

அண்ணே, நான் உங்க கடைக்கு வந்ததில்ல. எங்க ஊர்ல மாசக் கூட்டத்துல இதே மாதிரி சீட்டு ஏலம் உண்டு. ஒரு அம்மா, இறந்துபோன வீட்டுக்காரர் சேர்த்த செப்புக்காசெல்லாம் கொண்டாந்தாங்க. 1943லேர்ந்து 47 வரைக்கும் அத்தனை வருசத்து ஓட்டைக் காலணாவும் இருந்துச்சு. ஏலத்துக்குப் போகுதேன்னு முந்தின நாள் ராத்திரி உக்காந்து புளி போட்டுப் பளபளன்னு தேய்ச்சிட்டாங்க. விளக்கு தேய்க்கிற மாதிரி. எண்பது வருசத்து நிறம் ஒரு ராத்திரில போச்சு. கூட்டத்துல ஒருத்தரும் சீட்டுல எழுதல. அந்தம்மா முகத்தப் பாக்க முடியல. நான் ஆரம்ப விலைக்கே எடுத்துக்கிட்டேன். அதுலேர்ந்து காசு கொடுக்கிற எல்லார்கிட்டயும் முதல்லயே சொல்றோம்: அழுக்கோட கொண்டாங்க, துடைக்கக்கூட வேணாம்.

அமராவதிக்கரை:

நான் கரூர். அமராவதி ஆற்று மணலில் சங்ககாலக் காசுகள் கிடைத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒன்றை யாராவது கொண்டுவந்தால் பலகையில் குத்துவீர்களா, செப்புக்காசு ஐயா?

செப்புக்காசு:

மாட்டேன். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள். அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், என்னிடம் இல்லை. என் பலகையில் நூறு வருடத்துக்கு உட்பட்டவை மட்டும்தான். அப்படி வருபவர்களை அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்கிறேன்.

ஓட்டைக்காலணா தம்பி, புளி விஷயத்தைப் பலகைக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டப் போகிறேன்.

ஓட்டைக்காலணா:

ஒட்டுங்கண்ணே. அந்த 1939 இப்ப எங்க இருக்கு?

செப்புக்காசு:

ஒரு வாரம் கழித்து, அதைக் கொடுத்தவரே வந்தார். வெள்ளி விலைக்கு நானே வாங்கிக்கொண்டேன். மேசை மேல் லென்ஸோடு வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே ஒரு சாதாரண 1938 ரூபாய். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதலில் அந்த இரண்டையும்தான் கையில் கொடுக்கிறேன். போன சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நான் சொல்லாமலே அந்த 9ஐக் கண்டுபிடித்துவிட்டாள்.